மொட்டை மாடியில் ஒரு சக்களத்தி

எனக்குச் சக்களத்தி ஒருத்தி இருந்தாள். சாம்பல் நிறம், சிவந்த கண், காலில் பித்தளை வளையம். எங்கள் மொட்டை மாடியில் மரக்கூண்டில் குடியிருந்தாள். அந்தக் காலத்தில் சேலத்தில் புறாப் பந்தயம் விடுகிறவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருந்தார்கள். எங்கள் தெருவுக்கு என் வீட்டுக்காரர்.

லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் அவருக்கு வேலை. வேலை விட்டு வந்தால் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நேரே மாடிப்படி. நானும் மகளும் வாசலில் நிற்பது கண்ணிலேயே படாது. சம்பளத்தில் முதல் பங்கு புறாக்களுக்குத்தான். பாதாமை ஊறவைத்துத் தோலுரித்து, நெய்யில் பிசைந்து, அந்தப் பெட்டையின் வாயில் ஊட்டுவார். நான் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தபோது எனக்குப் பாதாமின் வாசனையைக்கூடக் காட்டவில்லை அந்த மனுஷன். அது எப்போது இறகு உதிர்க்கும் என்று சொல்லுவார். மகள் எந்த வகுப்பு என்று கேட்டால் என் முகத்தைப் பார்ப்பார். வயிறு எரியுமா எரியாதா?

பந்தயத்தில் விடியலில் புறாக்களைப் பறக்கவிடுவார்கள். கடைசிவரை இறங்காமல் பறக்கும் புறாவுக்குக் கோப்பை. தினமும் மாலையில் அவர் ஒரு வெள்ளைத் துண்டை உதறுவார். அதைப் பார்த்ததும் தீனிக்கு இறங்கிவிட வேண்டும் என்று பழக்கியிருந்தார். அதனால் பந்தயத்தன்று எங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் வெள்ளைத் துணி காயப்போடக் கூடாது. அவருடைய வேட்டியைக்கூட அன்றைக்கு அடுப்படியில்தான் உலர்த்துவேன்.

மகள் புதுநன்மை வாங்கும் ஞாயிறு வந்தது. பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள்; எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் கல்யாணத்துக்கு அடுத்தபடி அதுதான். பந்தயமும் அதே ஞாயிறு.

"ஏனுங்க, ஒரே ஒரு பூசைங்க. புள்ள பக்கத்துல நின்னாப் போதும்."

"அடுத்த வருசமும் கோயிலு அங்கயேதான் இருக்கும், புள்ள."

"கோயிலு இருக்குமுங்க. புதுநன்மை மறுபடி வருமா?"

அவர் கூண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டை என்னைப் பார்த்துக் கழுத்தை உப்பிக்கொண்டது.

ஞாயிறு விடிந்ததும் புறாக்கள் மேலே போய்விட்டன. நடுவராக வந்தவர் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இவர் அண்ணாந்து நின்றார். கீழே நான் மகளுக்கு வெள்ளைக் கவுன் மாட்டி, தலையில் நீளமான வெள்ளை முக்காட்டை வைத்துக் குத்தினேன். புதுநன்மைக்குப் புறப்படுமுன் பிள்ளைகள் பெற்றவர்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். என் காலில் விழுந்து எழுந்தவள், நான் பூச்சரத்தை எடுக்கத் திரும்பிய நேரத்தில் மாடிக்கு ஓடிவிட்டாள். பின்னாலேயே ஓடிப் பாதிப் படி ஏறும்போதுதான் எனக்கு வெள்ளைத் துணி ஞாபகம் வந்தது.

மேலே நல்ல காற்று. முக்காடு படபடவென்று அடித்துக்கொண்டது.

"அப்பா, தப்பு ஏதாச்சும் செஞ்சிருந்தா மன்னிச்சுக்கங்கப்பா" என்று அவள் குனியவும், புள்ளியாக இருந்த புறாக்கள் சிறகை மடக்கிக் கீழே வரவும் சரியாக இருந்தது. சாம்பல் பெட்டைதான் முதலில் இறங்கியது. தீனி எங்கே என்று மகளின் காலடியில் தத்தித் தத்தி நடந்தது.

"எறங்கிருச்சு, அவ்வளவுதானுங்க" என்று நடுவர் எழுந்து செருப்பை மாட்டினார்.

அடி விழப்போகிறது என்று நான் குறுக்கே பாய்ந்தேன். அவர் கையை ஓங்கவில்லை. குனிந்து மகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாமி, நீ எப்ப இத்தன ஒசரமானே?" என்றார்.

வேட்டி மாற்றிக்கொண்டு கோயிலுக்கு வந்தார். வழி முழுக்க அவள் கையை விடவில்லை. பூசை முடியும்வரை, பீடத்துக்கு மேலே வரைந்திருந்த புறாவைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு புறாவாகக் கூட்டாளிகள் வீட்டுக்குப் போனது. சாம்பல் பெட்டையும் போனது. கூண்டில் நான் விறகு அடுக்கினேன், ஆசை தீர. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பனும் மகளும் சைக்கிளில் ஏற்காட்டு அடிவாரம்வரை போய்வந்தார்கள்.

பாதாம் ஊறவைப்பதை மட்டும் அவர் விடவில்லை. கொஞ்சமாக வாங்கிவந்து, அதே மாதிரி தோலுரித்து, அதே மாதிரி நெய்யில் பிசைந்து, மகள் வாயில் ஊட்டினார். நான் அடுப்படியில் நின்று பார்த்தேன். மறுபடியும் வயிறு எரிந்தது. பெற்ற மகள் என்றுகூடப் பார்க்காமல் எரிந்தது.

நேரே போய் அவர் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்தேன்.