அடுத்த ஞாயிறு குழம்பாகப் போகும் கோழி

குண்டலுபேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த என் வீட்டுக்காரர், தாம்பூலப் பையோடு ஒரு கோழியையும் கொண்டுவந்து சேர்ந்தார். வெள்ளை பிராய்லர் கோழி. அவர் வண்டிக்கு முன்னால் போன கறிக்கோழி லாரியில் ஒரு கூண்டுக் கதவு திறந்துகொண்டு, அது ரோட்டில் விழுந்துவிட்டதாம். ஹாரன் அடித்துப் பார்த்திருக்கிறார், கத்திப் பார்த்திருக்கிறார். லாரி நிற்கவில்லை.

"ஓடவே இல்ல புள்ள அது. எதுத்தாப்ல பஸ்சு வருது, நடுரோட்டுல உக்காந்து பாத்துட்டிருக்குது. எப்படி உட்டுட்டு வாறது?"

"சரி, நாயித்துக்கெழம கொழம்பு வெச்சரலாம்" என்றேன். அன்று வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை எங்கள் வீட்டில் கறி எடுப்பதில்லை. அதனால் கோழிக்கு எங்கள் பால்கனியில் ஓர் அட்டைப்பெட்டியும் ஒருநாள் ஆயுசும் கூடுதலாகக் கிடைத்தன.

நாங்கள் இருப்பது மைசூரில் ஓர் அப்பார்ட்மெண்டின் மூன்றாவது மாடி. இரண்டு பேருக்கும் ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கம். அவருக்கு நஞ்சன்கூடு ரோட்டில் ஒரு ஃபேக்டரியில் வேலை. நான் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். கீழே லிஃப்டுக்குப் பக்கத்தில் குடியிருப்போர் சங்கத்தின் விதிகள் எழுதிய பலகை ஒன்று தொங்குகிறது. நாய், பூனை தவிர ஆடு, மாடு, கோழி எதையும் இங்கே வளர்க்கக் கூடாது என்று அதில் கன்னடத்தில் தெளிவாக இருக்கும். மாட்டை யார் லிஃப்டில் ஏற்றப் பார்த்தார்களோ தெரியாது. விதி எழுதியவருக்குத் தொலைநோக்கு அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோழியை ஒரு கட்டைப்பையில் வைத்து இவர் கறிக்கடைக்குப் போனார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது ஒரு கையில் கறிக் கவர் இருந்தது. இன்னொரு கையில் அதே கட்டைப்பை. அதற்குள்ளிருந்து கோழி தலையை நீட்டி என்னைப் பார்த்தது.

"என்னங்க இது?"

"கடையில வேற கறி நல்லா இருந்துச்சு" என்றார், செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக.

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. ஏனென்றால் முந்தின நாள் முழுக்க அந்தக் கோழி என் தையல் மெஷினுக்கடியில், என் இடது பாதத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அதற்கு 'அம்மணி' என்று ஒரு கூப்பிடு பெயரும் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவோம். பிராய்லர் கோழி, தின்பதும் தூங்குவதுமாகச் சத்தமில்லாமல் கிடக்கும். வாசல் மணி அடித்தால் பால்கனிக் கதவைச் சாத்திவிடுவேன். அவ்வளவுதான் நாங்கள் செய்த ரகசிய ஏற்பாடு. சில மாதங்கள் அது போதுமானதாகவும் இருந்தது.

பிறகு அம்மணி முட்டையிட ஆரம்பித்தாள். முட்டையிட்டதும் அந்தச் செய்தியைக் கேறிக் கேறி உலகத்துக்கு அறிவித்தாள். நான் ஓடிப்போய் மிக்சியைப் போடுவேன். கரண்ட் இல்லாவிட்டால் தையல் மெஷினை வெறுமனே மிதிப்பேன். எதிர்வீட்டு அம்மா ஒருநாள், "தினமும் அதே நேரத்துக்குச் சட்னி அரைக்கிறீங்களே, அலுக்காதா?" என்று கேட்டார்.

மாட்டிக்கொண்டது சத்தத்தால் அல்ல. துணி வெட்டிய துண்டுகள் போட்டுவைக்கும் கூடைதான் அம்மணி முட்டையிடும் இடம். அன்று என்ன நினைத்தாளோ, தைத்து முடித்து எடுத்துவைத்திருந்த ஒரு பைக்குள் ஏறி முட்டையிட்டு இறங்கியிருக்கிறாள். அந்தப் பை சங்கத்துச் செயலாளரின் மனைவியுடையது. அவர் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அரைமணி நேரத்தில் வாசல் மணி அடித்தது. செயலாளரே வந்திருந்தார். பேங்கிலிருந்து ஓய்வு பெற்றவர். ஈரோட்டில் வேலை பார்த்ததால் தமிழ் பேசுவார். வெங்காயம்கூடச் சேர்க்காத வீடு. உள்ளங்கையில் பேப்பரை விரித்து, அதன் நடுவில் முட்டையை வைத்து, கையை உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்க முடியுமோ அவ்வளவு தள்ளிப் பிடித்திருந்தார்.

"ஏனம்மா, இது என்ன?"

"முட்டைங்க சார்."

"அது தெரியுது. பிளவுஸோட முட்டை ஃப்ரீயா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மணி உள்ளேயிருந்து ஆடி அசைந்து வந்தாள். அவர் செருப்புக்கு முன்னால் நின்று, தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தாள். பொய் சொல்லலாம் என்றால் அதற்கும் வழியில்லை. தமிழில் கோழி, கன்னடத்தில் கோளி.

"மீட்டிங்கில பேசறேன்" என்று சொல்லி, முட்டையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

மீட்டிங் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. எதிர்வீட்டு அம்மா எழுந்து, நோய் வரும், நாற்றம் வரும், இன்றைக்குக் கோழி என்றால் நாளைக்கு ஆடு வரும் என்றார். அம்மணியை எங்கே கொண்டுபோய் விடுவது? அவளுக்குப் பறக்கத் தெரியாது, ஓடத் தெரியாது. பஸ் வந்தால் நகரக்கூடத் தெரியாது. அப்போது என் வீட்டுக்காரர் எழுந்தார். நாலு பேருக்கு முன்னால் பேசியே பழக்கமில்லாத மனுஷர்.

"சார், நாங்க வளக்கலீங்க. கொழம்பு வெக்கத்தான் வெச்சிருக்கறோம்."

செயலாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஹௌதா?" என்றார். அப்படியா என்று அர்த்தம். "அப்படின்னா அது சமையல் சாமான். ரூல் வளக்கிறதுக்குத்தான். சமையல் சாமானுக்கு ரூல் இல்ல. யாவாக, எப்ப வெக்கப் போறீங்க?"

"அடுத்த நாயித்துக்கெழமைங்க."

"சரி, எழுதிக்கிறேன்" என்று அடுத்த விஷயமான தண்ணீர் மோட்டாருக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் படிக்கட்டில் பார்த்தபோது கேட்டார். "ஆயித்தா?" முடிந்ததா என்று.

"இல்லீங்க சார். மொளகாய்த்தூள் தீந்துபோச்சு."

"பரவால்ல. அடுத்த வாரம்."

அதற்கடுத்த வாரம் கேஸ் தீர்ந்தது. அதற்கும் அடுத்த வாரம் எனக்குத் தலைவலி. என்னிடம் காரணங்கள் வற்றிக்கொண்டிருந்த சமயத்தில் ஒருநாள் அவராகவே மூன்று மாடி ஏறி வந்தார். "ஷ்ராவண மாசம் பொறந்துடுச்சு அம்மா. இந்த மாசம் பேடா, வேண்டாம்" என்றார். கறியே தொடாதவர் கறி சமைக்க நாள் பார்த்துச் சொல்கிறாரே என்று நான் விழித்தேன். ஷ்ராவணம் முடிந்ததும் கணபதி ஹப்பா, பிள்ளையார் சதுர்த்தி என்றார். பிறகு பித்ருபட்சம். அப்புறம் தசரா. "ஊரே லைட் போட்டு ஜொலிக்குது, இப்பப் போய் கொல்றதா?" எதிர்வீட்டு அம்மா எப்போது கேட்டாலும் பஞ்சாங்கத்தில் அவரிடம் ஒரு பதில் இருந்தது. கார்த்திகை மாதம் வந்தது, போனது.

கார்த்திகை முடிந்த முதல் ஞாயிறு. இத்தனை மாதமாக வீட்டில் கறி சமைக்காமல் எங்களுக்கும் நாக்கு செத்துப் போயிருந்தது. இவர் கடையில் கறி வாங்கிவந்தார். நான் கொத்தமல்லி வறுத்து, தேங்காய் அரைத்து, நன்றாகவே குழம்பு வைத்தேன். மணம் படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கிப் போயிருக்கிறது.

வாசல் மணி விடாமல் அடித்தது. திறந்தால் செயலாளர். லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் ஏறி வந்திருக்கிறார். மூச்சு வாங்குகிறது. நெற்றியெல்லாம் வேர்வை.

"கோளி எல்லி? கோளி எங்க?"

எனக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. புரிந்ததும் உள்ளே திரும்பி "அம்மணி!" என்று மட்டும் கூப்பிட்டேன். மெஷினுக்கடியிலிருந்து எழுந்து, அவசரமே இல்லாமல் அவள் வந்தாள். அவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"தண்ணி கொடம்மா" என்றார்.

சொம்பை வாங்கிக் குடித்து முடித்தபிறகு கொஞ்ச நேரம் கோழியையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக் கதவும் திறந்திருந்தது. அந்த அம்மா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சமைச்சுட்டாங்கன்னு நானும்தான் பயந்துட்டேன்" என்று, யாரிடம் சொல்கிறார் என்றே தெரியாதபடி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

படி இறங்கும்போது செயலாளர் என்னிடம் தணிந்த குரலில், "இனிமே கடைக் கறி வெக்கிறதா இருந்தா ஒரு போன் பண்ணிடம்மா" என்றார்.

அதன்பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. பலகையில் விதி அப்படியேதான் இருக்கிறது. சங்கத்தின் கணக்குப்படி அம்மணி இன்னும் அடுத்த ஞாயிறு குழம்பாகப் போகும் கோழிதான்.

இப்போது வேறொரு கவலை. அவளுக்குக் காலில் வலி வந்து நொண்ட ஆரம்பித்தாள். மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் அவளைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இந்த ஜாதிக் கோழி இத்தனை நாள் இருப்பதே அபூர்வம், இதன் எடையை இதன் காலே தாங்காது, சோற்றைக் குறைத்து நடக்க விடுங்கள் என்றார். இந்தச் செய்தியைச் செயலாளரிடம் சொன்னேன். அவருக்கும் சர்க்கரை. அவர் டாக்டரும் அவரிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். அம்மணியை இரண்டு கையாலும் வாங்கி மொட்டை மாடிக்குக் கொண்டுபோனார். முட்டையைப் பிடித்த மாதிரி இல்லை, நெஞ்சோடு அணைத்துத்தான். தினமும் இப்போது இது நடக்கிறது. நான் துணி உலர்த்தப் போனால் பார்ப்பேன். அவள் நாலடி நடந்து உட்கார்ந்துவிடுவாள். "நடி, நடி" என்று செயலாளர் கன்னடத்தில் அதட்டுவார், நட என்று அர்த்தம். அவள் காது கொடுக்கமாட்டாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அவரும் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டிக் கட்டையில் உட்கார்ந்துவிடுவார். கீழேயிருந்து அவர் மனைவி போன் செய்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "வாக்கிங்" என்பார்.