கழுவக் கூடாத பெட்டி

என் அண்ணிக்குச் சாக்கடை என்றால் உயிர். கழிவுநீர் நிலையத்தில் பம்பு ஓட்டுவது அவர் வேலை. ஓட்டிவிட்டுச் சும்மா இருந்தால்தானே? சேற்றிலுள்ள பாக்டீரியா கழிவைத் தின்று மின்சாரம் தரும் என்று எங்கோ படித்தார். அத்தோடு எங்கள் கொல்லைப்புறம் போச்சு.

நான்கு பிளாஸ்டிக் பெட்டிகள். அடியில் சேறு, சேற்றுக்குள் கரியிழையில் நெய்த ஒரு துணி. மேலே தண்ணீரில் மிதக்கும் இன்னொன்று. இரண்டையும் சேர்க்க ஒயர். சேற்றுக்குள் இருக்கும் துணியில் கருப்பாய்ப் பிசுபிசுவென்று ஒட்டியிருப்பதுதான் பாக்டீரியா. அது படிய வாரக்கணக்கில் ஆகும். நாலும் சேர்ந்தால்தான் ஒரு சின்ன விளக்கு எரியும்.

"எரிய வச்சுக் காட்டுங்க, ஆய்வுக்கூடத்துல உங்களுக்கு ஒரு மேசை தர்றேன். இல்லன்னா பம்போட நிறுத்திக்கணும்" என்று நிலையத்து இன்ஜினியர் சொல்லியிருந்தார். அவரே வீட்டுக்கு வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

அவர் வருவதற்கு முந்தின நாள், சுத்தத்தில் பிசாசான எங்கள் அம்மா களத்தில் இறங்கினாள். "பெரிய மனுஷன் வர்ற வீடு இப்படியா நாறும்?" மூன்று பெட்டிகளைக் கொட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தாள். நாலாவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. நல்லவேளை!

வேலை முடிந்து வந்த அண்ணி, கொடியில் பளிச்சென்று காய்ந்த துணிகளைப் பார்த்தார். வீடு இரண்டாகப் போகிறது என்று நினைத்தேன். அண்ணி நேரே போய் நாலாவது பெட்டியைக் குனிந்து பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"சார், நாளைக்கு வராதீங்க. அடுத்த மாசம் வாங்க. விளக்கு எரியும்."

"எரியலன்னா?"

"எரியும் சார்."

போனை வைத்துவிட்டு, "அத்தை, கத்தரிக்கோல் எங்க?" என்றார். அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது.

தப்பித்த ஒரே துணியை நான்காக வெட்டி, அதிலுள்ள பாக்டீரியா பரவட்டும் என்று பெட்டிக்கு ஒரு துண்டாகப் புதுத்துணியோடு சேர்த்துக் கட்டினார். தினமும் நிலையத்திலிருந்து வாளியில் சேறு வந்தது. பஸ்ஸில் அவர் பக்கத்து சீட்டில் ஒருவரும் உட்காரவில்லையாம். மின்சாரத்தை அளக்க மாட்டியிருந்த மீட்டரின் முள் அசையவே மாட்டேன் என்றது. அண்ணியும் விடுவதாயில்லை. ஒருநாள் காலையில் அது மெல்ல எழுந்தது.

இன்ஜினியர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தார், ஒயரைத் தொட்டுப் பார்த்தார்.

"திங்கக்கிழமை வந்து மேசையை எடுத்துக்கோங்க. ஆனா இந்த நாத்தம்... இதையெல்லாம் ஒரு தடவை கழுவி வைக்கக் கூடாதா?"

அண்ணி வாய் திறப்பதற்குள் அம்மா முன்னால் வந்து நின்றாள்.

"நான் கழுவிப் பாத்துட்டேன் சார். அதுக்குப் பிடிக்கல."