பச்சை விளக்கு எரிந்தது, பத்மா அக்காவுக்கு டிங் வரவில்லை

டிங்!

அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தே தாரிக் டீ கிளாஸை ஸ்பூனால் லேசாகத் தட்டினால் வருமே, அந்த மாதிரி. நானே தேடிப் பிடித்துப் போட்ட சத்தம். என் முதல் வேலையில் நான் செய்த முதல் உருப்படியான காரியம் என்று பெருமை வேறு...

ஆபீஸ் ஜார்ஜ்டவுனில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு பழைய கடைவீட்டின் மாடி. பதினொரு மணிக்கே கீழே கடையிலிருந்து நாசி கண்டார் சோற்றுக் குழம்பு வாசனை ஏறி வந்துவிடும். அதற்குப் பிறகு யாருக்கு வேலை ஓடும்? எங்கள் தொழிற்சாலை கடலுக்கு அந்தப் பக்கம், புக்கிட் தெங்காவில் இருந்தது.

அங்கே ஸ்டோர், பத்மா அக்காவின் ராஜ்ஜியம். சரக்கு லாரி வந்தால் கேட்டில் காவலுக்கு இருக்கும் ஜாகா கம்ப்யூட்டரில் பதிவார். அது அக்காவின் ஸ்கிரீனில் தெரிய வேண்டுமென்றால் அவர் எஃப் 5 பட்டனை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அமுக்கி அமுக்கி அந்தப் பட்டனில் எழுத்தே அழிந்துபோயிருந்தது. அமுக்க மறந்தால் லாரி வெயிலில் நிற்கும், டிரைவர் கத்துவார்.

அதை மாற்றத்தான் நான் ஒரு நோட்டிஃபிகேஷன் சர்வர் போட்டேன். ஜாகா பதிந்த அடுத்த நொடி அக்காவின் ஸ்கிரீன் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கும். கூடவே டிங். மேனேஜர் மிஸ்டர் ஓங் நேராகவே சொல்லிவிட்டார்... வெள்ளிக்கிழமைக்குள் இது ஒழுங்காக ஓடினால் எனக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூன்று மாத புரொபேஷனோடு கும்பிடு.

ஓடியதா? ஓடியது. நான் பார்க்கும்போது மட்டும்.

அக்காவிடமிருந்து போன் வரும். "தங்கச்சி, லாரி வந்து அரை மணி நேரம் ஆச்சு, ஒன்னோட டிங் வரவே இல்லலா!"

நான் பதறிப்போய், "அக்கா, பேஜை ஒருக்கா ரிஃப்ரெஷ் பண்ணுங்க... இப்ப அனுப்புறேன் பாருங்க" என்பேன்.

டிங்!

"ஆ, வந்துருச்சு!"

சந்தோஷமாகப் போனை வைப்போம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஊமை. என் பக்கமோ, சர்வர் லிஸ்டில் அக்காவின் பெயருக்கு நேரே பச்சை விளக்கு ஜம்மென்று எரியும். மூன்று நாள் இதே கூத்து. லாக் ஃபைலைப் படித்துப் படித்துக் கண் பூத்துப்போனது. அக்கா ஸ்பீக்கரை அணைத்துவிட்டாரோ என்றுகூட சந்தேகப்பட்டேன், பாவம்.

புதன்கிழமை மதியம். டெஸ்ட் பேஜில் 'சாப்டாச்சா அக்கா?' என்று இங்கிலீஷ் எழுத்தில் தட்டினேன். நமக்குத்தான் அந்தக் கேள்வி இல்லாமல் எதையும் தொடங்க வராதே. பசி மயக்கத்தில் அக்காவின் பெயரைத் தேர்வு செய்ய மறந்துவிட்டேன். சோதனைக்காக ஆபீஸ் ஸ்கிரீன்களிலும் அதைப் போட்டிருந்தேன், எல்லாருக்கும் போய்விட்டது!

மாடி முழுக்க டிங்... டிங்... டிங்... கண்ணாடி அறையிலிருந்து மிஸ்டர் ஓங் தலையை நீட்டினார்.

"ஹூ இஸ் அக்கா?"

மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. மன்னிப்புக் கேட்க அக்காவுக்கு போன் போட்டேன்.

"என்னா மெசேஜ்? எனக்கு ஒண்ணும் வரலையே. காலையிலேர்ந்து ஒரு லாரிகூட இல்ல, சும்மாதான் ஒக்காந்திருக்கேன்."

கேட்டில் இரண்டு லாரி நின்றது பிறகுதான் தெரிந்தது. என் ஸ்கிரீனில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஒவ்வொரு தடவையும் சோதிக்கும் முன் ரிஃப்ரெஷ் பண்ணச் சொல்லி, புது லைன் போட்டுவிட்டு, லைன் நன்றாக இருக்கிறது என்று நானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்! சொல்லாமல் கொள்ளாமல் போன முதல் மெசேஜ் இந்த அசட்டு மெசேஜ்தான்.

விஷயம் இதுதான். இரண்டு ஆபீஸுக்கும் நடுவில் இருந்த நெட்வொர்க் பெட்டி, சில நிமிஷம் யாரும் பேசாத லைனைச் சத்தமில்லாமல் துண்டித்துவிடும். அது இரண்டு பக்கத்துக்கும் தெரியாது. அக்கா இருக்கிறார் என்று சர்வர் நினைக்கும், லாரி வரவில்லை என்று அக்கா நினைப்பார்.

மருந்து ரொம்பச் சின்னது. அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை சர்வரும் ஸ்கிரீனும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும்படி செய்தேன். அக்காவுக்கு இப்படிச் சொன்னேன்: "அது 'இருக்கியா'ன்னு கேக்கும், இது 'இருக்கேன்'னு சொல்லும். பதில் வரலைன்னா லைன் போச்சுன்னு அர்த்தம்க்கா. ஒடனே திரும்பக் கூப்பிட்டுக்கணும், அவ்வளவுதான்."

"இதுக்கா மூணு நாளு?" என்றார்.

வெள்ளிக்கிழமை மிஸ்டர் ஓங் ஒரு மணி நேரம் யாரையும் ஸ்டோருக்கு போன் பண்ண விடவில்லை. பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்து, அக்காவின் பெயரைக் கவனமாகத் தேர்வு செய்து, இரண்டே விரலால் தட்டினார். எட்டிப் பார்த்தேன். 'சாப்டாச்சா அக்கா?'

வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

மேஜையில் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"சாப்டாச்சு தங்கச்சி! மீ கோரெங்! டிங்குன்னு வந்துச்சுலா!"

மிஸ்டர் ஓங் விழுந்து விழுந்து சிரித்தார். அவர்கள் வீட்டுச் சீன மொழியான ஹொக்கியனில் அவர் அம்மாவும் தினம் போனில் முதலில் கேட்பது இதைத்தானாம். திங்கட்கிழமை வேலை நிரந்தரமான கடிதம் கையில் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன் என்பதை இன்றுதான் வெளியே சொல்கிறேன்.

இப்போது இதெல்லாம் யாருக்கும் பெரிய விஷயமே இல்லை. மாதக் கட்டணம் கட்டினால் எவனோ எங்கேயோ ஓட்டிக்கொடுக்கிறான். என் போனில் காலையிலிருந்து இரவு வரை டிங் டிங்தான், பாதியை மியூட்டில் போட்டிருக்கிறேன். ஒரு டிங் வந்தால் ஊரே கைதட்டிய காலம் போச்சு...

பத்மா அக்கா ஓய்வு பெற்று புக்கிட் மெர்த்தாஜாமில் இருக்கிறார். தினம் மதியம் ஒரு மணிக்கு வாட்ஸ்அப்பில் 'சாப்டியா?' என்று வரும். நான் 'சாப்டேன்க்கா' என்பேன். பெரும்பாலும் அதற்கு மேல் ஒன்றும் பேசுவதில்லை.

போன வாரம் ஒரு மீட்டிங் இழுத்துக்கொண்டே போனது. பதில் போடவில்லை. இரண்டு மணிக்கு போன் அடித்தது. என்னமோ ஏதோ என்று வெளியே ஓடிப்போய் எடுத்தேன்.

"என்னக்கா, ஏதாச்சும் அவசரமா?"

"அவசரம் ஒண்ணும் இல்லம்மா. பதில் வரலைன்னா திரும்பக் கூப்பிடணும்னு நீதானே சொன்ன?"

அன்றைக்கு நான் சாப்பிட்டிருக்கவில்லை. அதையும் சொன்னேன், நன்றாகத் திட்டு வாங்கினேன், பிறகு கீழே போய்ச் சாப்பிட்டேன்.