மீதி நாலு வரி

போன மாதம் பெரம்பலூரில் பேத்தி படிக்கும் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டதால் நான் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வெளியூரிலிருந்து வந்த ஒரு சார் பேசினார். மார்க் வாங்குகிற புத்தி ஒன்று, அடுத்தவர் மனசைப் படிக்கிற புத்தி இன்னொன்று. முன்னுக்கு வந்தவர்களை விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் அந்த இரண்டாவது புத்திதான் அவர்களைத் தூக்கிவிட்டிருக்கும் என்றார். அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் சொன்னார், எனக்கு வாயில் நுழையவில்லை. கடைசியில், "இங்க வந்திருக்கிற பெரியவங்க யாராச்சும் உங்க வாழ்க்கையிலேர்ந்து ஒரு உதாரணம் சொல்லுங்களேன்" என்று கேட்டார்.

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டேன். உதாரணம் இல்லாமல் இல்லை. அதை நாலு பேர் முன்னால் சொல்ல எனக்கு வாய் கிடையாது, முகமும் கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன். படித்தது ஐந்தாவதுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் குன்னத்துக்குப் பக்கம். அப்போது எனக்குப் பத்து வயது, தங்கச்சிக்கு ஏழு. இன்றைக்கு என்னைப் பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள், அன்றைக்கு ஊரிலேயே பெரிய வாயாடி நான்தான். வகுப்பில் முதல் பிள்ளை. பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லுவேன். தங்கச்சிக்கு எழுத்து ஒட்டவே இல்லை. இரண்டாம் வகுப்போடு வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். அவளை நான் மண்டூகம் என்றுதான் கூப்பிடுவேன். அவளும் அதையே தன் பெயர் மாதிரி எடுத்துக்கொண்டு "என்னக்கா" என்று வருவாள்.

ஆனால் ஒன்று. அம்மா கோபமாக இருக்கிறாள் என்பது எனக்கு அடி விழுந்த பிறகுதான் தெரியும். தங்கச்சிக்கு, அம்மா தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கிற சத்தத்திலேயே தெரிந்துவிடும். அடி விழும்போது அவள் எப்போதும் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருப்பாள். அதைத் தந்திரம் என்று நினைத்தேன். புத்தி என்று தோன்றவில்லை.

எங்கள் தெருவுக்கு வரும் கடிதங்களையெல்லாம் நான்தான் படித்துச் சொல்லுவேன். படித்து முடித்தால் ஒரு கை பொட்டுக்கடலை கிடைக்கும். வாத்தியார் பழக்கியபடி நிமிர்ந்து நின்று, தாளை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, கடைசிப் பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி படிப்பேன். எடுத்த பாடத்தை நடுவில் நிறுத்தக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

அந்த வருஷம் அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, தீபாவளிக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. கீழப்பழுவூரில் கட்டிக்கொடுத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கேட்டவர்களிடமெல்லாம், "அண்ணனுக்கு ஒத்தாசையா வெங்காயம் எடுத்துட்டுப் போறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

மார்கழிக் கடைசியில் சின்ன வெங்காயம் எடுத்தோம். பிடுங்கிக் காயப்போட்ட வெங்காயத்தைச் சுற்றி இருபத்தைந்து, முப்பது பெண்கள் உட்கார்ந்து தாளை, அதாவது மேல் தழையை, அரிவார்கள். அரிவாளைக் காலில் இடுக்கிக்கொண்டு, ஒரு பிடி எடுத்து இழுத்தால் தாள் வேறு, காய் வேறாக விழும். அத்தையோடு நானும் தங்கச்சியும்கூட அரிந்தோம். எல்லோர் கண்ணிலும் தண்ணீர் ஓடும். யாரும் யாரையும் ஏன் அழுகிறாய் என்று கேட்கமாட்டார்கள். வெங்காயக் காட்டில் அது வழக்கமில்லை.

அங்கேதான் தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து அத்தையிடம் கடிதத்தைக் கொடுத்தார். அத்தை அதை இரண்டாக மடித்து மடியில் சொருகிக்கொண்டாள்.

"யாரு, மாப்ளயா? பிரிச்சுப் படிக்கச் சொல்லுடி. காலையிலேர்ந்து அழுதுக்கிட்டே கெடக்கறோம், செத்த நேரம் சிரிச்சுக்கிறோம்" என்றாள் மேலத்தெருப் பெரியம்மா. வரிசை முழுக்கச் சிரித்தது. "படிக்கிற புள்ளதான் பக்கத்துலயே இருக்கே!" என்று இன்னொரு குரல்.

"வூட்டுக்குப் போயி பாத்துக்கலாம்" என்றாள் அத்தை.

எனக்குப் பொறுக்கவில்லை. முப்பது பேர் கேட்க நான் எப்போது படித்திருக்கிறேன்? அத்தையின் மடியிலிருந்து கடிதத்தை உருவிக்கொண்டு ஓடி, வெங்காயக் குவியலுக்குப் பக்கத்தில் வரப்பு மேல் ஏறி நின்றேன். அத்தை "ஏய், ஏய், குடுறி" என்று பாதிச் சிரிப்போடு எழுந்தாள். அதற்குள் நான் ஓரத்தைக் கிழித்துவிட்டேன்.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கியது. உன்னை அனுப்பியதில் எனக்கு இஷ்டமில்லை, அம்மா பேச்சைத் தட்ட முடியவில்லை என்று இருந்தது. பிள்ளை இல்லை என்று எனக்கு வேறு பெண் பார்க்கிறார்கள் என்று இருந்தது. ஒரு சொல் தடுக்காமல் படித்தேன். சிரிப்பு நின்றுபோனதைக் கவனித்தேன். என் படிப்பில் சொக்கிப்போய்விட்டார்கள் என்று நினைத்தேன்.

அப்போதுதான் தங்கச்சி "அய்யோ அம்மா!" என்று வீறிட்டாள். அவள் இடது கட்டைவிரலிலிருந்து ரத்தம் வெங்காயத்தின் மேல் கொட்டியது. எல்லோரும் எழுந்து ஓடினார்கள். ஒருத்தி முந்தானையைக் கிழித்தாள், ஒருத்தி காயத்தில் வெத்தலைச் சாற்றைத் துப்பினாள். தங்கச்சி ஊரே கேட்க அலறிக்கொண்டே, கண்ணை மட்டும் என் மேல் வைத்திருந்தாள். அத்தை என்னிடம் வந்து கையை நீட்டினாள்.

அந்த இடத்தில் கடிதத்தைக் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் நான் இதை எழுத வேண்டியதே இல்லை.

"இன்னும் நாலு வரிதான் அத்தை இருக்கு" என்றேன். கட்டுப் போட்டு முடிகிற வரைக்கும் விட்ட வரியில் விரலை வைத்துக் காத்திருந்தேன். பிறகு, இடைஞ்சல் செய்த தங்கச்சியை முறைத்துவிட்டு, முன்னைவிடச் சத்தமாகத் தொடர்ந்தேன்.

"இதை யாருக்கும் சொல்ல வேண்டாம். பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் தனியாகக் கிளம்பி வா. நான் பஸ் நிற்கிற இடத்தில் வந்து நிற்கிறேன். இருவரும் வேறு ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள்வோம்."

யாருக்கும் சொல்ல வேண்டாம் என்பதைத்தான், முப்பது பேருக்கு, நிறுத்தி நிதானமாகப் படித்தேன். அன்றைக்கு யாரும் பொட்டுக்கடலை தரவில்லை.

சாயங்காலத்துக்குள் அது கிணற்றடியில் இருந்த அப்பா காதுக்குப் போய்விட்டது. கீழப்பழுவூருக்கும் போயிருக்கும், அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். அப்பா கெட்டவரில்லை. தனியாகத் தெரிந்திருந்தால் தெரியாதமாதிரி இருந்திருப்பார், பஸ்ஸுக்குக்கூட ஏற்றிவிட்டிருப்பார். ஊருக்கே தெரிந்த பிறகு அவரால் முடியவில்லை. "நம்ம வூட்டுப் பொண்ணு திருடி மாதிரி பஸ் ஏறிப் போறதா? அவன் ஆம்பளையா இருந்தா வாசல்ல வந்து கூப்புடட்டும்" என்றார். அந்த மனுஷன் வாசலுக்கு வரவில்லை. வைகாசியில் அவருக்கு வேறு கல்யாணம் நடந்தது. அத்தை எங்கள் வீட்டிலேயே இருந்து, எங்கள் வீட்டிலேயே செத்தாள். என்னை ஒரு சொல் சொன்னதில்லை. திட்டியிருந்தால் நானும் மன்னிப்புக் கேட்டிருப்பேனோ என்னவோ.

தங்கச்சி இன்றைக்கு வெங்காய வியாபாரி. தலையில் கூடை சுமந்து சந்தைக்குப் போனவள், இப்போது சொந்தமாக லாரி வைத்திருக்கிறாள். கையெழுத்து மட்டும்தான் தெரியும். வெங்காயம் விற்கக் களத்துக்குள் வருகிற சம்சாரியின் நடையைப் பார்த்தே, இன்றைக்கு இவரிடம் விலை பேசக் கூடாது, முதலில் டீ வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் மற்ற வியாபாரிகளை விட்டுவிட்டு அவளிடம் வருகிறார்கள். அத்தையைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும் அவள்தான். விவரம் தெரிந்த பிறகு நான் கடிதம் படிப்பதை விட்டேன். மெல்ல மெல்லப் பேசுவதையும் விட்டேன்.

அத்தை காரியம் முடிந்த அன்று தங்கச்சியின் கட்டைவிரல் தழும்பைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "வேணும்னேதான அறுத்துக்கிட்ட?"

"போக்கா நீ. கை தவறிப் போச்சு" என்று சிரித்தாள்.

அத்தனை வருஷம் கழித்தும் எனக்காகத்தான் அப்படிச் சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமை மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது. அத்தை காலையிலேயே தலைக்குக் குளித்து, கல்யாணப் புடவையைக் கட்டியிருந்தாள். வாசலில் அப்பா கயிற்றுக்கட்டிலைக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறினதும் ரோட்டுப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. கொஞ்ச நேரம் நின்றது, பிறகு போய்விட்டது.

அத்தை என்னை மாட்டுக்கொட்டகைக்குக் கூப்பிட்டாள். மடியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

"அந்தக் கடைசி வரிய மட்டும் இன்னொருக்கா படி தங்கம்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லோரையும் விட்டு என்னைத்தானே கூப்பிட்டாள். தங்கச்சி எங்கிருந்தோ வந்து, துணி சுற்றிய கையோடு அத்தையை ஒட்டி உட்கார்ந்து, அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். இவளுக்கு என்ன புரியப் போகிறது என்று நினைத்தேன். அன்றைக்குக் களேபரத்தில் அத்தைக்குச் சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது, அதுதான் திரும்பக் கேட்கிறாள் என்று எண்ணிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, தாளை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, வாசல்வரை கேட்கிற மாதிரி படித்தேன்.