அவர் சிரித்தால் நல்ல செய்தி

தொலைக்காட்சியில் அந்தச் சிரிப்பைக் கண்டதும், நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டின் சூடேற்றும் ரேடியேட்டரில் காயும் காலுறை மணம் திரும்பி வந்தது. அது இரண்டாயிரத்துச் சொச்சம். அப்பா டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலையில் இருந்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆறு மணிச் செய்தியாளரின் முகத்தைத்தான் வாசிப்பார்.

ஒரு பனிப்புயல் நாளில் செய்தியாளர் சிரிக்காமல் "டோர்வல்" என்றார்.

"என்னவாம், பிள்ளை?"

பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கும் அந்த ஆங்கிலம் விளங்கவில்லை. அம்மாவின் நகம் என் கையில் பதிந்தது. செய்தியின் கடைசியில் செய்தியாளர் சிரித்து விடைபெற்றார்.

"சிரிச்சிட்டார். அப்பா வருவார்."

அப்பா வந்தார்.

இன்று அந்தச் செய்தியாளர் இறந்துவிட்டார் என்கிறார்கள். திரை நிறைய அவருடைய பழைய படம்.

"எங்கட மனிசன்! கனகாலத்துக்குப் பிறகு," என்று அம்மா என்னிடம் திரும்பினார். "சிரிக்கிறார். நல்ல செய்திதானே, பிள்ளை?"