தலைக்கட்டுக்கு மூன்று பேர்

டிவியில் செய்தி ஓடியது. கடல் தாண்டி வந்த அகதிகளில் எந்த நாடு எத்தனை பேரை ஏற்பது என்று கோட்டுப் போட்டவர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். “நம்மூரு தலைக்கட்டு வரி மாதிரியே இருக்குதுடி” என்று சிரித்தார் என் வீட்டுக்காரர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எலவனாசூர்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். முன்பொரு மழைக்கு ஏரி உடைந்து, கீழே இருந்த குடிசையெல்லாம் போய்விட்டது. எங்கள் கழனிகளில் கூலிக்கு நடவு நட்ட சனம் அது. பள்ளிக்கூடத்திலும் தண்ணீர். ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். கோயில் திருவிழாவுக்கு ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு தலைக்கட்டு என்று எண்ணித்தான் வரி போடுவோம். பழக்க தோஷம், ஆட்களையும் அப்படியே பிரித்து வரி நோட்டில் எழுதினார்கள். தலைக்கட்டுக்கு மூன்று பேர்.

எங்களுக்கு வந்தவள் இரண்டு பிள்ளைக்காரி. கூடவே நிறைமாதத் தங்கச்சி. இரண்டு பேரின் புருஷன்மாரும் வெளியூரில் செங்கல் சூளை வேலைக்குப் போயிருந்தார்கள். “நாலு பேரு ஆவுதே! சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானங்க?” என்று நான்தான் வாயைத் திறந்தேன். நியாயம் பேசிவிட்டதாக நெஞ்சை நிமிர்த்தி வேறு நின்றேன், பாவி! தங்கச்சியை ஊர்க் கோடி மாடிவீட்டுக்கு அனுப்பினார்கள்.

அங்கே ஒரு குறையும் இல்லை. கட்டில், ஃபேன், சுடுசோறு. ஆனால் அவள் சோற்றைத் தொடவில்லையாம். தலைப்பிரசவம், அக்கா பக்கத்தில் இல்லாதபோது வலி வந்துவிடுமோ என்று ஒரே பயம். இங்கே அக்காக்காரி என் பாத்திரத்தையெல்லாம் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, வாசலில் நின்று ஊர்க் கோடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலையில் நானே போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். “எழுதினது எழுதினதுதாம்மா” என்று குறுக்கே வந்தார் ஊர்ப் பெரியவர் ஒருவர்.

“போங்கய்யா, உங்க எழுத்தும் நீங்களும்! பங்கு போட இது இன்னா வரியா?” என்று கத்திவிட்டு நடந்தேன்.

வாசலில் அக்காவைக் கண்டதும் ஓவென்று அழுதாள். பிறகு தட்டு நிறையச் சோறு தின்றாள். மோர் ஊற்றிக்கொண்டே, “கோச்சுக்காத கண்ணு. மூணு பேருக்கு மேல வேணாம்னு சொன்னது நான்தான்” என்றேன்.

“தெரியுங்க” என்றாள், தட்டிலிருந்து தலை தூக்காமல். “நீங்க பிரிக்கச்சொல்ல நாங்களும் அங்கதான நின்னுக்கினு இருந்தோம். ஒரு வார்த்த எங்களக் கேட்டிருக்கலாம்.”