பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பெரிய சலவைக்கூடம் ஒன்றின் தேய்ப்புப் பிரிவில் நெடுங்காலமாக வேலை செய்துவரும் அந்தப் பெண்மணியை உடன் வேலை செய்வோர் 'அக்கா' என்றும், கைபேசியில் அவர் எழுதும் குறுங்கவிதைகளைப் படிப்போர் 'நீராவி' என்றும் அழைத்தனர். இரண்டாவது பெயர் அவரே வைத்துக்கொண்டது. விடுதிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் வந்து குவியும் விரிப்புகளை நீராவி இயந்திரத்தின் அடித்தட்டில் பரப்பி மேல்மூடியை இழுத்து அழுத்தினால், அது தானாகத் திறந்துகொள்ளும்வரை கைகளுக்கு வேலை இல்லை. அந்த இடைவெளியில் ஒரு வரி. அடுத்த விரிப்புக்கு இன்னொரு வரி. அவருடைய கவிதைகள் ஐந்தாறு வரிகளைத் தாண்டாமைக்கு இலக்கியக் காரணம் எதுவும் இல்லை.

"என்னக்கா, இன்னிக்குக் கவிதை போர்வை மேலயா, தலையணை உறை மேலயா?" என்பாள் பக்கத்து மேசையில் துணி மடிப்பவள்.

"உன் வாயைப் பத்தித்தான்டி எழுதணும். ஆனா எங்க நிறுத்துறதுன்னு தெரியலை."

அவர் எழுதியவற்றுள் பலரும் பாராட்டிய ஒன்று இது:

போர்வையின் சுருக்கத்தை
எடுத்துவிட்டேன்.
அதில் புரண்டவரின் உறக்கமின்மையை
எங்கே மடித்து வைப்பது?

அவர் கவிதைகளைப் பதிந்துவந்த இணையக் குழுவை நடத்தியவர் புகைப்பட நிலையம் வைத்திருந்த ஒரு நல்ல மனிதர். கேலிக்கு அஞ்சிப் பலர் எழுதுவதையே விட்டுவிடுவதைக் கண்டவர். ஆகவே குழுவுக்குச் சில விதிகளை வகுத்திருந்தார். கவிதை தவிர வேறெதுவும் பதியக் கூடாது. படிப்போர் ஊக்கமளிக்கும் சொற்களை மட்டுமே எழுத வேண்டும். எழுதியவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நன்றி கூற வேண்டும். விளம்பரக்காரர்களின் தொல்லை பொறுக்காமல், தொலைபேசி எண் உள்ள பதிவுகளைச் செயலியே தடுத்துவிடும்படியும் செய்திருந்தார். உறுப்பினர்களில் பெரும்பாலோர் அதே நகரத்தவர். ஆயினும் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. 'அருமை', 'மனத்தைப் பிசைந்துவிட்டது', 'உங்கள் கைகளுக்கு என் வணக்கம்' என்று அவர்கள் எழுதுவதை அக்கா வீடு திரும்பும் பேருந்தில் படிப்பார். நாள் முழுவதும் அவரிடம் கனிவாகப் பேசியவர்கள் அவர்கள் மட்டுமே.

வீட்டில் இருந்தவர் அண்ணன் ஒருவர்தான். பெற்றோர் போனபின் வீடுகளுக்குச் சுண்ணாம்பும் சாயமும் பூசித் தங்கையைப் படிக்கவைத்தவர். இப்போது அவருக்கு நினைவு கரைந்துகொண்டிருந்தது. தங்கை தட்டை நீட்டினால், மரியாதையாக வாங்கிக்கொண்டு, "ஏம்மா, நீங்க எந்த வீடு? உங்களுக்கு ஏன் சிரமம்?" என்பார். அதையும் அக்கா எழுதினார். அண்ணனைப் பற்றிய கவிதைகள் ஒரு வரிசையாகவே வளர்ந்தன. 'அண்ணன் கவிதை எப்போது?' என்று கேட்டுக் காத்திருக்கும் வாசகர்களும் உருவானார்கள்.

வேலைக்குப் புறப்படும்போது கதவைப் பூட்டிச் சாவியைக் கீழ்வீட்டு அத்தையிடம் கொடுத்துவிடுவது வழக்கம். அத்தை அண்ணனுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு மறுபடி பூட்டிவிடுவார். ஒரு நாள் காலை, அத்தை அவருக்குத் தேநீர் கொண்டுபோன நேரத்தில் கீழே பால் பொங்கி வழிந்தது. ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு ஏறி வருவதற்குள் கட்டில் வெறுமையாக இருந்தது. தெருமுனைவரை தேடிவிட்டு, மூச்சு வாங்கச் சலவைக்கூடத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

"கண்ணு, உங்க அண்ணனைக் காணோம்டி. நான் பாவி, கதவைச் சாத்தாம வந்துட்டேன்."

"அழாதீங்க அத்தை. அந்தத் தெருவுலதான் எங்கயாவது சுவரைப் பார்த்துட்டு நிப்பார். நான் வந்துடுறேன்."

அந்தத் தெருவில் அவர் இல்லை. அடுத்த தெருவிலும் இல்லை. காவல் நிலையத்தில் புகைப்படத்தை வாங்கிக்கொண்ட காவலர், "வயசானவங்க சாயங்காலம் பசிச்சா தானா வந்துடுவாங்கம்மா," என்றார். எங்கு வர வேண்டும் என்பது தெரிந்தால்தானே வருவதற்கு என்று அக்கா அவரிடம் சொல்லவில்லை.

நிலையத்தின் வாசற்படியில் நின்றபோதுதான் குழுவின் நினைவு வந்தது. நகரமெங்கும் பரவியிருக்கும் நூற்றுக்கணக்கான கண்கள், அத்தனையும் அன்பானவை. அவசர அவசரமாக எழுதித் தம் தொலைபேசி எண்ணையும் சேர்த்து அனுப்பினார். பதிவு ஏற்கப்படவில்லை. குழுவை நடத்துபவரை அழைத்தார். அவர் ஒரு திருமணத்தில் படம்பிடித்துக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை. எண்ணை நீக்கிவிட்டு மறுபடி அனுப்பினார். உடனே ஏற்கப்பட்டது. வரிகளை முறித்து முறித்து எழுதுவது அவருடைய விரல்களுக்குப் பழகிப்போயிருந்தது. ஆகவே பதிவு இவ்வாறு அமைந்தது:

அண்ணனைக் காணவில்லை.
சாம்பல் நிறச் சட்டை.
இடது செருப்பின் வாரில் நீல நூல் தையல்.
பெயர் கேட்டால் சொல்லத் தெரியாது.
சுவரைக் கண்டால் நின்றுவிடுவார்.
பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

முதல் மறுமொழி உடனே வந்தது. 'நீல நூல்! இந்த ஒற்றைப் படிமம் போதும்.' அடுத்தவர், 'அண்ணன் வரிசையில் இதுவே உச்சம்,' என்றார். மூன்றாமவர், 'பார்த்தவர்கள் சொல்லுங்கள் என்ற இறுதி வரியில் உடைந்துபோனேன்,' என்று எழுதி அழும் முகம் ஒன்றையும் வைத்திருந்தார்.

அக்கா எழுதினார்: 'இது கவிதை இல்லைங்க. நிஜமாவே காணோம்.'

'கவிதை இல்லை என்று சொல்வதே கவிதை. வணங்குகிறேன், நீராவி அம்மா.'

மேலும் மேலும் இதயங்கள் வந்து விழுந்தன. கைபேசியைப் பைக்குள் திணித்துவிட்டு அத்தையையும் அழைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். மருத்துவமனை, சந்தை, ரயில் நிலையம். எந்தச் சுவரின் முன்னும் அண்ணன் இல்லை. பைக்குள் கைபேசி மெல்லத் துடித்தபடியே இருந்தது. அழைப்புக்கு மணி அடிக்கும். மறுமொழிக்குத் துடிப்பு மட்டுமே. ஆகவே அவர் எடுத்துப் பார்க்கவில்லை.

வெயில் தணிந்த வேளையில் கால் ஓய்ந்து ஒரு நடைமேடையில் உட்கார்ந்தபோது, செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல் மறுமொழிகளைத் தள்ளிக்கொண்டே போனார். பாராட்டுகளுக்கு நடுவே, காலையிலேயே வந்த ஒன்று கண்ணில் பட்டது:

'அற்புதம். பேருந்துப் பணிமனைச் சுவருக்குச் சாயம் பூசுகிறார்கள். அதை வேடிக்கை பார்த்தபடி இப்படியே ஒரு பெரியவர் இப்போது என் கடைக்கு எதிரில் நிற்கிறார். செருப்பில் நீல நூல்கூட இருக்கிறது! கவிதை வாழ்க்கையாகும் கணம் இதுதானோ?'

ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, சாயம் பூசுவோர் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தனர்.

"அந்தப் பெரியவரா? மத்தியானம் வரைக்கும் இங்கதாம்மா இருந்தாரு," என்றார் மூத்தவர். "சுவர்ல வச்ச பட்டி இன்னும் காயலை, இது மேல பூசாதேன்னு எங்களையே விரட்டினாரு. சொன்னது சரிதான். ஒரு தூரிகையைக் கையில குடுத்தோம், அந்த மூலையைப் பூசினதே அவர்தான். சாப்பாடும் குடுத்தோம்."

"இப்ப எங்கங்க?"

"தங்கச்சி தேடும், வீட்டுக்குப் போறேன்னு கிளம்பிட்டாரு. வழி தெரியுமான்னு கேட்டேன். என் வீடு எனக்குத் தெரியாதான்னு சிரிச்சாரும்மா."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டார்.

"எந்தப் பக்கம் போனாரு?"

மூத்தவர் கிழக்கே கை காட்டினார். அதே நேரத்தில் இளையவர் மேற்கே காட்டினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

எதிரில் வாகன உதிரிபாகக் கடை. அதன் உரிமையாளர், தம் மறுமொழியைக் கைபேசியில் திறந்து நீட்டியபடி வந்த அக்காவைக் கண்டதும் முகம் மலர்ந்தார். "நீங்களா நீராவி அம்மா! உங்க கவிதை..." என்று தொடங்கியவர், அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். எதிர்ச் சுவரைக் காட்டினார். "கவிதைன்னு நெனச்சேம்மா. கூப்பிட்டா கேக்கிற தூரத்துலதான் நின்னாரு. கவிதைன்னு நெனச்சுட்டேன்."

அவர் கடையை அடைத்துவிட்டு வண்டியை எடுத்தார். கிழக்கேயும் போனார்கள். மேற்கேயும் போனார்கள்.

செய்தி தெரிந்ததும் குழுவே திரண்டது. குழுவை நடத்துபவர் தாமே சுவரொட்டி அச்சிட்டார். முகம் தெரியாதவர்கள் தெருத்தெருவாக ஒட்டினார்கள். பிறகு ஒவ்வொருவரையும் அவரவர் பிழைப்பு அழைத்துக்கொண்டது. அதைக் குறை என்று சொல்வதற்கில்லை. அந்தக் கடைக்காரர் மட்டும் விடுமுறை நாள்களில் ஏதாவதொரு பக்கம் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கும் இல்லம்மா," என்று அழைத்துச் சொல்வார்.

குழுவை நடத்துபவர் அந்தப் பதிவை நீக்கிவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வேண்டாம் சார், இருக்கட்டும். ஒருத்தர் பார்த்துச் சொன்னது அதுலதானே? நான்தான் படிக்காம விட்டேன்."

உண்மையான அறிவிப்பு இது என்று குழுவை நடத்துபவர் அதன் தலையில் ஒரு குறிப்புச் சேர்த்தார். ஆனால் அதற்கு முன்பே கவிதையைப் பலர் நகலெடுத்து, பூப் படங்களின்மேல் அச்சிட்டு, வேறு வேறு குழுக்களில் உலவவிட்டிருந்தனர். அவற்றில் குறிப்பு இல்லை. சிலவற்றில் எழுதியவர் பெயரும் இல்லை. அக்கா அந்த நகல்களைத் தேடிப்பிடித்து, ஒவ்வொன்றின் கீழும் வரும் மறுமொழிகளை முதற்சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை படிக்கிறார். முன்புபோல் மேலோட்டமாகத் தள்ளுவதில்லை. கவிதை எழுதுவதையும் விட்டுவிட்டார். மூடி இறங்கிய இடைவெளி இப்போது படிப்பதற்கே சரியாக இருக்கிறது.

மடிப்பவளும் கேலியை விட்டுவிட்டாள். "எதாவது வந்துச்சாக்கா?" என்று மட்டும் கேட்பாள்.

அண்மையில் ஒரு நகலின் கீழ் ஒருவர் எழுதியிருந்தார்: 'இந்த வரிகளில் வரும் பெரியவரை நான் பார்த்திருக்கிறேன்.'

அக்கா மூடியை இறக்கிவிட்டு எழுதினார்: 'எங்கே பார்த்தீர்கள்? எந்தத் தெரு?'

மூடி திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது. 'என் நெஞ்சில், அம்மா.' அருகில் ஒரு சிவப்பு இதயம்.

'நன்றி' என்று அக்கா எழுதினார். பழைய குழுவின் விதி அது; எங்கும் பழக்கமாகிவிட்டது. பிறகு கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்த விரிப்பை இழுத்துப் பரப்பினார்.